பவர் பிரஸ் போட்டுக் கொடுத்த தாளம்

மெஷின் ஆயில் வாசனை... சுவருக்கு அந்தப் பக்கம் 'டம்... டம்...' என்று பவர் பிரஸ் தகடு வெட்டும் சத்தம். எங்கள் பேண்டுக்கு அதுதான் தாளம்.

எண்பதுகளின் கடைசி. மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஸ்டெல்லா கிடார் வாசித்துக்கொண்டே பாடுவாள். நான் பேஸ். கஸ்தூரி டிரம்ஸ். ஸ்டெல்லாவின் கப்பல்கார அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் லண்டன் பெண்கள் சிலர் மூன்றே சுரத்தை வைத்துக்கொண்டு கோபமாகக் கத்தினார்கள். அட, இது நம்மாலும் முடியுமே என்று தோன்றிவிட்டது. ஷிப்ட் சங்கு, லேடீஸ் சீட்டை விட்டு எழுந்திருக்காத ஆம்பளை... எல்லாம் எங்களுக்குப் பாட்டு.

அந்தப் பிரஸ்ஸை ஓட்டியது கஸ்தூரியின் அப்பா. மகள் டிரம்ஸ் அடிப்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

பட்டறையில் ஆயுத பூஜைக்குக் கச்சேரி வைப்பார்கள். முதலாளியிடம் கெஞ்சி மேடை வாங்கினோம்.

"ஒரு தபா வாசிச்சுக்கோ. ஆளுங்க சிரிச்சானுங்கன்னா அத்தோட மூட்ட கட்டிடு, இன்னா?" என்றார் கஸ்தூரியின் அப்பா.

மேடை ஏறினோம்... எல்லா மெஷினும் சந்தனம் குங்குமத்தோடு சும்மா நின்றது. பூஜையன்று பிரஸ் ஓடாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் அதுவரை உறைக்கவே இல்லை.

கஸ்தூரி அடித்தாள். தடுமாறினாள். நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் ஸ்டெல்லா.

"சத்தம் இல்லடி... எங்கேந்து புடிக்கறது?"

கீழே சிரிப்பு கிளம்பியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது பொரி மூட்டைப் பக்கமிருந்து 'டம்... டம்...'

அவள் அப்பா. காலி ஆயில் டின்னைக் கவிழ்த்து உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார். பிரஸ்ஸின் அதே தாளம், இம்மி பிசகாமல்.

"இன்னாத்த பாத்துகினு கீறே? அடி" என்றார்.

அடித்தாள் பாருங்கள்...

அப்புறம் காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஆவடி குவார்ட்டர்ஸ் பொங்கல் விழா, டவுனில் பெரிய ஹால், சுவரெல்லாம் எங்கள் போஸ்டர். எல்லா மேடைக்கும் அவர் டின்னோடு வந்து முன்வரிசையில் உட்காருவார். தேவைப்படவே இல்லை, ஆனாலும் கொண்டுவருவார். கல்யாணம், வேலை என்று நாங்கள் மூன்று திக்கில் பிரியும்வரை அப்படித்தான்.

இப்போது பிள்ளைகள் தாளத்தை எண்ணிக் கொடுக்கும் 'கிளிக்' சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது... எனக்கு என்னவோ அந்த டம் டம்முக்குத்தான் ஏக்கம்.

போன வாரம் மண்ணூர்பேட்டை போனேன். பட்டறை இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட். ஒரு சத்தமும் இல்லை. அங்கே நின்றே துபாயில் இருக்கும் கஸ்தூரிக்கு போன் போட்டேன்.

"மறுபடியும் வாசிக்கலாமாடி?"



"குச்சி இன்னும் பத்திரமா கீதுடி. கைல எடுத்துகினு உக்காருவேன்... அப்பா போனப்புறம் ஆரம்பிக்கவே வரல."