திரைக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலி

படம் ஓடத் தொடங்கியதும் பேபியம்மா தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். "அத்த நான் வாழ்ந்தே பாத்துட்டேன். ஜனங்க மூஞ்சியப் பாத்துகினு கீறேன், உடு" என்பார்.

அது ஓர் ஆவணப்படம். அதில் பாதி நேரம் வருவது அவர்தான். முன்பணம் வாங்கிய பாவத்துக்கு ஓர் அரிசி ஆலைக்குள் குடும்பத்தோடு பதினோரு வருடம் அடைபட்டுக் கிடந்தவர். இப்போது வீடு முத்தாபுதுப்பேட்டையில். ஞாயிறு தோறும், படத்தை எடுத்த ஜெபாவின் ஸ்கூட்டரில் புரொஜக்டரை மடியில் வைத்துக்கொண்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் படம் போடக் கிளம்பிவிடுவார்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. வீட்டு வேலை செய்பவர்களும் வாட்ச்மேன்களும் முன்வரிசையில் உட்கார வேண்டும். குடியிருப்புச் செயலாளர் முகம் சுளித்தால், "அப்ப நாங்க கெளம்பறோம் சார்" என்று ஒயரைச் சுருட்டுவார். பாதி சுருட்டுவதற்குள் முன்வரிசை நிறைந்துவிடும்.

படத்தில் ஒரே ஒரு காட்சி அவருக்கு ஆகாது. அவர்களை மீட்க ஆலைக்கு வந்த அதிகாரி, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்கிறார். பேபியம்மா முதலாளியின் முகத்தைப் பார்க்கிறார். முதலாளி தலையாட்டிய பிறகுதான் பெயர் வாயிலிருந்து வருகிறது.

"அத்த மட்டும் வெட்டிடு கண்ணு, மானம் போவுது."

"அக்கா, படமே அதுதான்" என்பாள் ஜெபா. அந்த இடம் வரும்போதெல்லாம் பேபியம்மாவுக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும்; வெளியே போய்விடுவார்.

போன ஞாயிறு நசரத்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தம்போலா விளையாட்டுக்கும் பிரியாணிக்கும் நடுவே முப்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். படம் முடிந்ததும் நன்றாகக் கை தட்டினார்கள்.

"இதெல்லாம் எந்த ஸ்டேட்ல நடக்குது?" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார்.

"இங்கேர்ந்து முக்கா மணி நேரம் சார். டிராபிக் இல்லாங்காட்டி அரை மணி."

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வழக்கம்போல முன்வரிசையில் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார் பேபியம்மா. கடைசி நாற்காலியில் இருபது வயதுப் பெண் ஒருத்தி. அவள் வேலை செய்யும் வீட்டு வரலட்சுமி அம்மாள் உடனே எழுந்து வந்து எதிரில் நின்றுகொண்டார்.

"இவ எங்க வீட்டோடவே இருக்கா. எங்க பொண்ணு மாதிரி. ரெண்டு வருஷமா ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவ போனைக்கூட நான்தான் வெச்சிருக்கேன்னா பாருங்களேன், அவ்ளோ நம்பிக்கை."

"உன் பேரு இன்னாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் பேபியம்மா.

அவள் வரலட்சுமி அம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

பேபியம்மா வெட்டச் சொல்லிக் கெஞ்சும் காட்சி கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. இந்த முறை தாகம் எடுக்கவில்லை. பின்னால் யாரோ, பிரியாணி ஆறுகிறது என்றார்கள்.

அவர் போய்த் தன் நாற்காலியை இழுத்து வந்தார். இருவருக்கும் நடுவில் போட்டு, வரலட்சுமி அம்மாளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"இப்போ என்னப் பாத்து சொல்லு."