கோட்டுக்கு வெளியே கத்தும் அப்பாக்கள்

குப்பத்துப் பிள்ளைகளே, நான் குடிவந்திருக்கும் இந்த நாட்டில் புல்லுக்கு லீவு உண்டு. திங்கட்கிழமை வந்தால் மைதானத்து வாசலில் ஒரு பலகையை மாட்டிவிடுவார்கள்: 'இன்று புல்வெளிக்கு ஓய்வு. யாரும் மிதிக்க வேண்டாம்.' முதல் தடவை பார்த்தபோது, புல்லுக்கு என்ன கஷ்டமோ என்று வாட்ச்மேனிடம் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த வீட்டில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இங்கேதான் குடியிருக்கிறேன் என்றேன். அவர் நம்புவதற்கு என் மனைவி கோமதி போனில் பேச வேண்டியிருந்தது.

வெளிநாடு என்றதும் விமானத்தில் போகிற ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். படூரைத்தான் சொல்கிறேன். நெம்மேலிக்குப் பக்கத்தில் இருக்கிற நம் குப்பத்திலிருந்து கோவளம் வந்து, அங்கிருந்து கேளம்பாக்கம் போய், வண்டி மாறினால் வந்துவிடும். கோமதிக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, எனக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிற வேலை. அதனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பார்த்து வந்துவிட்டோம். ஆனால் பக்கத்தில் இருக்கிறதே என்று யாரும் சுலபமாக நுழைய முடியாது. இங்கேயும் விசா உண்டு. என் சொந்தத் தம்பி செல்வம் வந்தாலும் கேட்டில் நிறுத்தி, அவன் படத்தை என் போனுக்கு அனுப்பி, 'இவரை அனுமதிக்கலாமா' என்று கேட்பார்கள். ஒருநாள் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்ததால் போனைப் பார்க்கவில்லை. "இன்னாண்ணா, உன் வூட்டுக்கு வர்றதுக்கு எல்லை தாண்டி மீன் புட்ச்ச மாதிரி நிக்க வெச்சிட்டானுங்க" என்று திட்டிவிட்டு, எங்களுக்காகக் கொண்டுவந்த மீனோடு அவன் திரும்பிப் போய்விட்டான்.

இந்த நாட்டில் ஒரு ஃபுட்பால் கிளப் இருக்கிறது. என் மகள் சந்தியா அதில் பதினோரு வயதுக்கு உட்பட்டவர்கள் அணியில் ஆடுகிறாள். உங்களோடு மணலில் ஓடிய கால் அல்லவா, புல்லில் பறக்கிறது. இங்கே பிள்ளைகள் கோட்டுக்கு உள்ளே ஆடுவார்கள். அப்பா அம்மாக்கள் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆடுவார்கள். இரண்டாவது ஆட்டத்தில்தான் அடிதடி அதிகம்.

பெற்றோரில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்கு விவேக் சார் தலைவர். அவர் மகன் ஆரவ்தான் கோல் அடிக்கிறவன். ஜெயிக்க வேண்டும், கோப்பை வேண்டும், நன்றாக ஆடுகிறவர்கள் மட்டும் ஆட வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. இன்னொரு கட்சிக்கு அஞ்சலி மேடம் தலைவி. ஜெயிப்பது முக்கியமல்ல, எல்லாருக்கும் சம நேரம் பந்து கிடைக்க வேண்டும், பிள்ளைகளின் மனசு வளர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கேட்க இரண்டுமே நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மனசு வளர வேண்டும் என்று அஞ்சலி மேடம் கத்துகிற கத்தலில் மரத்திலிருக்கும் காக்காய் எழுந்து போய்விடும். இடைவேளையில் வாழைப்பழம் கொடுப்பதா பேரீச்சம்பழம் கொடுப்பதா என்ற சண்டையில் வாட்ஸப் குழு இரண்டாக உடைந்தது. இரண்டாவது குழுவுக்கு 'ஒரிஜினல் பேரண்ட்ஸ்' என்று பெயர்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் கோச் பிரபு. ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கில் வருகிற இளைஞர். "ஓகே சார், ஓகே மேடம்" என்பதைத் தவிர அவர் வேறு பேசி நான் கேட்டதில்லை. விவேக் சார் பேசிய வாரம் பிள்ளைகள் நாக்குத் தள்ளுகிற அளவுக்கு ஓடுவார்கள். அஞ்சலி மேடம் பேசிய வாரம் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சு விடுவார்கள். இரண்டு பேரும் பேசிவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஓடச் சொல்லுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

ஒருநாள் அஞ்சலி மேடம் என்னிடம் கேட்டார்: "ஏழுமலை சார், சின்ன வயசுல உங்களுக்கு கோச் யாரு?"

"கோச்லாம் இல்லீங்க மேடம். பந்து கடலுக்குள்ள போனா நீந்திப் போயி எடுத்தார ஒருத்தன் மட்டும் இருந்தான்."

"ஓ! பால் ரிக்கவரிக்குத் தனியா ஒரு ஸ்பெஷலிஸ்ட்டா!" என்று ஆச்சரியப்பட்டு, அதைப் போனில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் கோச் பிரபு பிள்ளைகளுக்குப் பால் ரிக்கவரி சொல்லிக் கொடுத்தார்.

நம் கரையில் நான் ஆடியபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு படகுகளுக்கு நடுவில்தான் கோல். கோடு கிடையாது. அப்பாக்கள் இருப்பார்கள், ஆனால் வலையில் சிக்கியதைப் பிரித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் கண்டதெல்லாம் அவர்களுடைய முதுகுகள். என் அப்பாவுக்கு நான் வலது காலால் அடிக்கிறவனா இடது காலால் அடிக்கிறவனா என்றே தெரியாது. பந்து வலையில் விழுந்தால் மட்டும் அவருக்கு ஃபுட்பாலில் அக்கறை வரும். அதுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் நானும் ஒரு மடக்கு நாற்காலி வாங்கினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சந்தியா ஷூவைப் போடாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நா வரலப்பா. இனிமே ஆட மாட்டேன்."

"ஏன்டா கண்ணு? கால் வலிக்குதா?"

"பந்து வந்தா விவேக் அங்கிள் 'முன்னாடி போ'ன்றாரு. அஞ்சலி ஆன்ட்டி 'பாஸ் பண்ணு'ன்றாங்க. எந்தப் பக்கம் போறதுன்னே தெர்ல. நின்னுட்றேன்."

"அவங்க கெடக்கறாங்க, வுடு."

"நீதாம்பா எல்லாரையும்விட சத்தமா கத்துற. 'அடி, அடி'ன்னு. யார அடிக்கறது?"

சமையலறையிலிருந்து கோமதி, "நல்லா கேளு. நாலாவது மாடிக்கு கேக்குது" என்றாள்.

பந்தைக் கண்டால் சாப்பாட்டை மறக்கிற பிள்ளை, என் சத்தத்தாலும்தான் ஆட்டத்தை விடப் போகிறாள். என்ன செய்வது என்று தெரியாமல், அவள் ஒரு தடவை மணலில் ஆடினால் சரியாகிவிடுவாள் என்று எண்ணி, நம் குப்பத்துப் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் வைக்கலாம் என்று குழுவில் எழுதினேன். இரண்டு குழுவிலும்தான். நல்ல பயிற்சி என்று விவேக் சார் கட்சியும், நல்ல அனுபவம் என்று அஞ்சலி மேடம் கட்சியும் முதல் முறையாக ஒத்துப்போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோடு இல்லாததால் எங்கள் பெற்றோருக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. மடக்கு நாற்காலியை ஆட்டத்தின் நடுவிலேயே போட்டார்கள். "அங்கிள், கொஞ்சம் ஒத்தி ஒக்காருங்க, நீங்க கோலுக்குள்ள கீறீங்க" என்று செல்வத்தின் மகன் டில்லி சொல்ல வேண்டியதாயிற்று. டில்லி சந்தியாவின் சட்டையை இழுத்து, "இன்னாடி, நீ அவங்க டீமா? எங்களையே அடிப்பியா?" என்று கேட்டான். அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அடிப்பேன். புடி பாக்கலாம்" என்றாள்.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தபோது செல்வத்தின் படகு கரைக்கு வந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, படகு வந்தால் ஆட்டம் நின்றுவிடும். நீங்கள் பந்தை அப்படியே போட்டுவிட்டு, படகைக் கரையேற்றும் கயிற்றைப் பிடிக்க ஓடினீர்கள். சந்தியாவும் ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்து எங்கள் அணிப் பிள்ளைகளும், பின்னால் கோச் பிரபுவும் ஓடினார்கள். "புடி புடி! இஸ்துகினே இரு, வுட்றாத!" என்ற சத்தத்தில் யார் எந்த அணி என்று தெரியவில்லை. எல்லாரும் கயிற்றில் இருந்தார்கள்.

ஆரவ் ஒருவன்தான் ஓடவில்லை. அவன் தன் அப்பாவைப் பார்த்தான். விவேக் சார், "விசில் அடிக்கல! அடி!" என்றார். ஆள் இல்லாத கோலில் அவன் பந்தை அடித்தான்.

அது கோலா இல்லையா என்று எங்கள் பெற்றோர் அந்த வெயிலில் சண்டை போட்டார்கள். விசில் அடிக்காதவரை ஆட்டம்தான் என்றது ஒரு கட்சி. இதுவா நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்றது இன்னொரு கட்சி. தீர்ப்புச் சொல்ல கோச்சைத் தேடினால், அவர் முட்டியளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் செல்வம் ஒரு கை காரப்பொடி மீன் கொடுத்தான். ஆரவ் பக்கத்தில் போய் நின்றான். "சார் கவுறு இஸ்த்தாரா?" என்று செல்வம் அவனைக் கேட்டான். ஆரவ் தலையைக் குனிந்துகொண்டான். சந்தியா தன் பங்கிலிருந்து ஒரு மீனை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, "அடுத்த தபா ஓடி வா" என்றாள்.

திரும்பி வரும்போது லிஃப்ட் முழுக்க மீன் வாசம். மாலைக்குள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து புகார் வந்துவிட்டது. அந்தக் கோல் செல்லுமா என்ற விவாதம் இன்றுவரை இரண்டு குழுவிலும் ஓய்ந்தபாடில்லை.

அடுத்த சனிக்கிழமை சந்தியா தானாகவே ஷூவைப் போட்டாள். வாசலில் நின்று, "ப்பா, நீ எங்க நிப்ப?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்தது. நாற்காலியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

இப்போது நான் மைதானத்தின் கிழக்கு மூலையில், மதிலோரம் நிற்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி, அதையும் தாண்டி நீங்கள். காற்று நன்றாக அடித்தால் உங்கள் கடல் வாசம் லேசாக வரும். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். முகம் உங்கள் பக்கம் இருக்கிறது. பின்னால் பந்து உதைபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும், அது அவள் காலா என்று காது மட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.