ஜகதாம்பாள் தைத்துக் கட்டிய கூரைப்புடவை

சாம்ராஜ்பேட்டையில் பழைய பட்டு கிழிந்தால் ஜகதாம்பாளிடம்தான் கொண்டு போவார்கள். தர்பார் அங்கியோ, மாமியாரின் கல்யாணப் புடவையோ, எதுவானாலும் முதலில் மடிப்பு விழுந்த இடங்களை விரலால் தடவிப் பார்ப்பாள். பட்டு அங்கேதான் முதலில் சாகும் என்பாள். நைந்த இடத்துக்கு அடியில் மெல்லிய மல் துணி வைத்து, அதே புடவையின் ஓரத்திலிருந்து உருவிய இழையால் தைப்பாள். அப்படித் தைத்ததைக் கட்டிக்கொண்டு பயமில்லாமல் பந்தியில் உட்காரலாம்.

நான் அவளைப் பற்றி எழுதுவது அவளுடைய கோபத்துக்காக.

அவள் புருஷன் சுந்தரராமன் மைசூர் சர்க்காரில் தாலுகாவைக் கட்டி ஆளும் அமல்தாராக இருந்தவர். குழந்தை இல்லையென்று சொல்லி, ஒரு சேவகனோடு ஜட்காவில் ஏற்றி அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாசல் வரைகூட வரவில்லை. அந்த வருஷமே சுப்புலக்ஷ்மியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஜகதாம்பாள் அழவே இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. மறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பல வருஷம் கழித்து அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அதில் மனைவிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். மூத்தவள் உயிரோடு இருக்கும்போது அவளை விட்டுச் செய்தால் பலன் இல்லை, ஆயுசுக்கும் ஆகாது என்று புரோகிதர் ஸ்ரீகண்ட சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். ஆயுசு என்றதும் அமல்தார் பயந்துபோனார். புதுப்புடவை ஒன்றோடு ஆள் அனுப்பினார்.

ஜகதாம்பாள் புடவையைத் திருப்பிக் கொடுத்தாள். "வரேன்னு சொல்லு. கட்டிக்க என்கிட்ட கூரைப்புடவை இருக்குன்னும் சொல்லு."

இருந்தது, பெட்டியின் அடியில். அதை வெளியே எடுத்ததும் அண்ணன் மனைவி அனந்தலக்ஷ்மி தலையில் கை வைத்துக்கொண்டாள். மடிப்புக்கு மடிப்பு பிளந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் மடிப்பை மாத்தி வைங்கோன்னு சொல்லுவே. உன்னுதைத் தொடவே இல்லையேடி!"

"தொட்டா வயிறு எரியும் மன்னி. அதான் தொடலை."

"சும்மா அவர் குடுத்த புதுசைக் கட்டிண்டு போயேன்."

"இது எங்கப்பா எடுத்தது. இதைக் கட்டிண்டு வந்தவளைத்தானே துரத்தினார்? அவளேதான் போய் உட்காரணும்."

"பந்தல் நடுவிலே டர்ருனு கிழிஞ்சா?"

"அவர் சிரிப்பார். அதனாலேயே கிழியாது."

அந்த மழைக்காலம் முழுக்க வேறு வேலை எதையும் வாங்கவில்லை. தண்ணீர் பட்டால் பட்டு கூழாகிவிடும், இஸ்திரி போட்டால் நொறுங்கும். அதனால் உலர்ந்தபடியே தைத்தாள். மடிசார் கட்டிச் சம்மணம் போட்டால் எங்கே இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடங்களுக்கெல்லாம் அடியில் முழு மல் கொடுத்தாள். ஒருநாள் கட்டி உட்கார்ந்து பார்த்தபோது முழங்காலடியில் பட்டு விரல் அகலத்துக்குப் பிளந்தது. தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள். தைத்து முடித்ததை மடிக்காமல் மூங்கிலில் சுற்றி வைத்தாள்.

பசவனகுடியில் அமல்தார் வீட்டுப் பந்தலுக்குள் அவள் நுழைந்தபோது எல்லோரும் புடவையைத்தான் பார்த்தார்கள். அரக்குப் பட்டு கருத்திருந்தது, ஜரிகை மங்கியிருந்தது. சுப்புலக்ஷ்மி எழுந்து, "வாங்கோ அக்கா" என்று ஒதுங்கி இடம் விட்டாள்.

"அனுப்பின புடவை என்னாச்சு?" என்றார் அமல்தார், முகத்தைப் பார்க்காமல்.

"உங்காத்துலேயே இருக்கும். தேடிப் பாருங்கோ."

அவர் பக்கத்து மணையில் மெதுவாக உட்கார்ந்தாள். புடவை தாங்கியது. மந்திரம் முடிந்தது. சாஸ்திரிகள் தாலியை எடுத்துக் கொடுத்து, மேளக்காரர்களுக்குக் கை காட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. சுந்தரராமன் தாலியோடு அவள் பக்கம் குனிந்தார்.

ஜகதாம்பாள் எழுந்து நின்றாள்.

"ஒருதரம் கட்டினதுக்கே அனுபவிச்சாச்சு. இன்னொருதரம் கழுத்தை நீட்ட மாட்டேன்."

"ஜகதா! உட்காரு. எல்லாரும் பார்க்கறா."

"பார்க்கட்டும்னுதான் வந்தேன். உங்க ஆயுசை நீங்களே பார்த்துக்கோங்கோ."

கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனாள். பந்தல் கோடியில் இருந்த மேளக்காரர்களுக்கு இது எதுவும் தெரியவில்லை, இன்னும் பலமாக வாசித்தார்கள். சுந்தரராமன் கையை இறக்குவதா, சுப்புலக்ஷ்மி பக்கம் திருப்புவதா என்று தெரியாமல் சாஸ்திரிகளைப் பார்த்தார். சாஸ்திரிகள் ஆசீர்வாதம் பண்ணக் கையில் எடுத்திருந்த அட்சதையைத் தட்டிலேயே திரும்பக் கொட்டினார்.