கறவை மாடு கேட்டேன், சுறா எண்ணெய் வந்தது

சகோதர சகோதரிகளே, இரண்டு வயது முடிந்தும் என் மகள் ஜெபமணிக்கு எழுந்து நிற்கப் பெலனில்லை. அது 1906-ம் வருஷம், ஐப்பசி. ஏரலுக்குத் தெற்கே ஒரு சின்னச் சபையில் நான் உபதேசியார். பிள்ளையின் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் முழங்காலுக்கு நழுவும். நானோ சட்டைப் பொத்தான் தெறிக்கிற பருமன்! அவளுக்கு முன் பிறந்த இரண்டும் இப்படியே மெலிந்துதான் கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. என் மனைவி எஸ்தருக்குப் பாலும் வற்றிவிட்டது.

தினமும் விடியற்காலம் ஜெபவீட்டுப் படியில் முழங்கால் போட்டேன். ஆண்டவருக்கு விவரம் போதாது என்று எண்ணி, கறவை மாடு, இரண்டாம் ஈற்று, முட்டாத குணம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒருநாள் வார்த்தையே வரவில்லை. "பிள்ளையைத் தாரும்" என்றதோடு சரி. அழுதேன்.

அன்று சாயங்காலம் படியில் ஒரு புட்டி எண்ணெய் இருந்தது. விளக்குக்கு எண்ணெய் காணிக்கை வைப்பது எங்கள் சபை வழக்கம். எனக்கோ கடும் ஜலதோஷம், வாடை தெரியவில்லை. விளக்குகளில் ஊற்றி ஏற்றினேன். முதல் கீர்த்தனை முடியுமுன் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள். மூப்பர் எழுந்தார்.

"உபதேசியாரே, பிரசங்கத்தைச் சுருக்கா முடியும் வே. மூச்சு முட்டுது!"

ஐந்தே நிமிஷத்தில் முடித்தேன். தங்கள் நெடுநாள் ஜெபம் கேட்கப்பட்டதென்று சபையார் மகிழ்ந்து போனார்கள்.

மறுநாள் காலை, குலசேகரன்பட்டினத்திலிருந்து வாராவாரம் கருவாடு கொண்டுவரும் அந்தோணியக்காள் வந்தாள்.

"நேத்து ஆளக் காணலன்னு படியில வச்ச சுறா எண்ணெயப் பிள்ளைக்குக் குடுத்தீரா?"

"ஆண்டவருக்குக் குடுத்துட்டேன்க்கா."

விவரம் கேட்டதும் கூடையை இறக்கிவைத்துச் சிரித்தாள். "அவருக்கு என்னவே நோக்காடு? திடமாத்தான இருக்காரு! நோஞ்சான் பிள்ளைக்குன்னு காய்ச்சிக் கொண்டாந்தா, இவரு திரி போட்டுக் கொளுத்திருக்காரு!"

பிறகு ஜெபமணியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"மிச்சம் இருக்கா?"

புட்டியின் அடியில் கொஞ்சம் இருந்தது.

தினம் அரைக் கரண்டி, பின்னால் ஒரு துண்டு கருப்பட்டி, பயற்றங்கஞ்சி, முட்டை என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டாள். நான் முதல் கரண்டியைக் குடித்துக் காட்டினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து ஜெபமணி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பின் கேட்ட சிரிப்பு. அந்தத் திறந்த வாயில் எஸ்தர் ஊற்றிவிட்டாள்! அதன்பின் தினமும் எனக்கு அதே உத்தியோகம்.

அக்காள் வாரம் தவறாமல் புட்டி கொண்டுவந்தாள். தை மாதம் கயிறு இடுப்பில் நின்றது. உயிர்த்தெழுந்த பண்டிகையன்று ஜெபமணி பிரசங்கபீடத்தின் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் வசனத்தை மறந்து நின்றேன். அந்த வாரமே எஸ்தர் கயிற்று முடிச்சைத் தளர்த்திக் கட்டினாள்.

பதின்மூன்று வருஷமாயிற்று. ஜெபமணி பாளையங்கோட்டையில் போர்டிங்கில் படிக்கிறாள். அந்தோணியக்காள் ஆண்டவரிடம் போய்விட்டாள். எங்கேயாவது மீனெண்ணெய் வாடை அடித்தால், மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் நின்று ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். ஆண்டவருக்கு மாட்டு லட்சணம் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

மெலிந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, நம்பிக் கேளுங்கள். உங்கள் படிக்கும் ஒன்று வரும். விளக்கில் ஊற்றுமுன் மட்டும், யார் வைத்தது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.