என்னாச்சு அக்காவின் காது

"என்னாச்சு?"

தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு உள்ளறையிலிருந்து குரல் கொடுக்கிறாள் அக்கா. கூடத்தில் ஏதோ விழுந்த சத்தம். ஸ்பூனாக இருக்கலாம், ரிமோட்டாக இருக்கலாம், புருஷனாகவும் இருக்கலாம். அதுதான் பயம். "ஒண்ணுமில்ல" என்று பதில் வந்த பிறகே கால் மறுபடி மிதிக்குப் போகும். இந்தக் கேள்வியை வைத்தே குடியிருப்பில் அவளுக்கு 'என்னாச்சு அக்கா' என்று பெயர். நேரில் வெறும் அக்கா. முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர்.

தொழில், திரைச்சீலை தைப்பது. நீளத் தையல் வேலை அது. ஆரம்பித்தால் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட வேண்டும். அக்காவால் ஆகாது. வழியில் நாலு தடவையாவது நின்று காது கொடுப்பாள். நின்ற இடத்திலெல்லாம் தையல் பின்னுக்குப் போய், கெட்டித்துக்கொண்டு, மறுபடி கிளம்பும். ஒரு வாடிக்கைக்காரி அதைத் தடவிப் பார்த்து, "இங்கங்க மட்டும் ஏன் தடிப்பா இருக்கு?" என்று கேட்டதற்கு, "பலத்துக்குத்தான்" என்று கூசாமல் சொன்னாள்.

வீட்டில் கிளிகள் இரண்டு. சாம்பல் உடம்பும் சிவப்பு வாலுமாக இருப்பது மேனேஜர். தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். பச்சையாகச் சின்னதாக இருப்பது கேஷியர். எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கும்; வாயே திறக்காது. மேனேஜர் அப்படியில்லை. குக்கர் விசில், காலிங் பெல், கதவின் கிறீச்சு எல்லாம் அதற்கு அத்துப்படி. காலிங் பெல்லுக்காக ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வெறும் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அக்காவுக்குத் தினப்படி உடற்பயிற்சி.

சும்மாவே கவலைப்படுகிறவள். இதில் கிளி வேறு வளர்த்தால் கேட்க வேண்டுமா! ஆப்பிள் கொடுத்தால் விதை வயிற்றுக்குள் போய்விடக்கூடாது. நான்ஸ்டிக் வாணலி காய்ந்தால் வரும் புகை கிளிக்கு ஆகாது என்று யாரோ சொன்ன அன்றே, புத்தம்புது வாணலி எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. கிளிகள் வெளியே உலாவும்போது ஃபேன் ஓடக்கூடாது. செய்தித்தாளை அவள் ஊன்றிப் படிப்பது கூண்டுக்கு அடியிலிருந்து உருவி எடுத்த பிறகுதான். "கேஷியருக்கு இன்னைக்குத் தண்ணியாப் போயிருக்கு, பாருங்களேன்" என்று அதைப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"டீயைக் குடிச்சுட்டுப் பாக்கறேனே, தாயே" என்பார் அவர்.

அவரை எல்லோரும் டிரைவர் என்பார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். சில சமயம் அது திடுதிப்பென்று இறங்கிவிடும். உடம்பு வியர்க்கும், நாக்கு குழறும், கண் செருகும். ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரங்கட்டிய கையோடு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து வீடு. சர்க்கரை ஒழுங்காக நிற்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபடி பஸ். அதனால் தலை சுற்றினாலும் ஒண்ணுமில்ல, கை நடுங்கினாலும் ஒண்ணுமில்ல.

போன வாரம் ஒரு பள்ளி மேடைக்குத் திரை. கனத்த துணி, மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். கூடத்தில் டம்ளர் உருண்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

டிரைவர் குரல்தான். அந்த அலுப்புகூட அவருடையதுதான். அக்கா தைத்தாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கேட்டாள். மறுபடி அதே பதில். சரி, மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தெம்பு வந்து, நிற்காமல் ஒரு முழு நீளத்தை ஓட்டி முடித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை! அந்தச் சந்தோஷத்தில், அவரிடம் காட்டலாமென்று துணியை வாரி அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

டிரைவர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாற்காலிக் கையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அக்காவைப் பார்த்து, அவர் குரலிலேயே, "ஒண்ணுமில்ல" என்றது.

அக்கா துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கன்னத்தைத் தட்டி, "முழுங்குங்க, முழுங்குங்க" என்று கெஞ்சி, சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். கண்ணைத் திறந்த மனுஷன் முதலில் கேட்டது, "எதுக்கு அழற?"

சாயங்காலம் அக்காவின் தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் நேரே கூண்டைத் தூக்கப் போனான். "இதை வெச்சுக்கிட்டு இருந்தா மாமா உயிருக்கு ஆபத்துக்கா. என் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார், குடுத்துடறேன்."

"முதல்ல என்னைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வா. அப்புறம் அதைத் தூக்கு" என்றார் டிரைவர்.

"கூண்டை வைடா" என்றாள் அக்கா. "அது என்ன பண்ணும்? நாள் முழுக்கக் காதுல விழுந்ததைத்தானே சொல்லுது. பொய் சொன்னது யாரு, அதைக் கேளு." டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றிப் பார்த்தாள். "ஏங்க, என் தம்பி பேர் என்ன?" "எங்க உக்காந்திருக்கீங்க?" குடியிருப்பே சிரித்தது. "நாற்காலியிலதான்டி!" என்று டிரைவர் கத்துவார். இரண்டே நாளில் மேனேஜரும், அவர் குரலிலேயே, 'நாற்காலியிலதான்டி' என்று உட்கார்ந்துவிட்டது. இனிக் காதை நம்பிப் பிரயோஜனமில்லை. மெஷினைக் கூடத்துக்கு இழுத்துவந்து நாற்காலிக்கு எதிரே போட்டாள். வலது கால் மிதியில். செருப்பைக் கழற்றிய இடது கால் டிரைவரின் பாதத்தின் மேல். அவள் லேசாக அழுத்தினால் அவர் கட்டைவிரலை அசைக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. "வயசான காலத்துல பாரு, நம்ம ரெண்டு பேரும்" என்று அவர் கேலி செய்தார். அக்கா சிரிக்கவில்லை.

நேற்று மத்தியானம் அழுத்தினாள். விரல் அசையவில்லை. ஊசி துணிக்குள் இறங்கினபடியே நின்றுவிட்டது. அக்கா நிமிர்ந்தாள். டிரைவருக்கு நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. உதடு 'ஒண்ணு' என்று ஆரம்பித்து, வேண்டாமென்று மூடிக்கொண்டது. பிறகு அவர், நடுங்கிக்கொண்டிருந்த வலது கையை, உள்ளங்கை மேலே தெரிய, மெதுவாக அவள் பக்கம் நீட்டினார்.