துறையடிக் கக்கூஸ்

கட்சிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தபோது நான் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். பிரதேச சபைத் தேர்தலில் பெண்களையும் நிறுத்தியாக வேண்டுமாம். ஆள் கிடைக்கவில்லையாம்.

"பேரை மட்டும் தாங்கோ. மேடையிலை வந்து இருந்தால் காணும். மிச்சத்தை நாங்கள் பார்ப்பம்."

எங்கள் வட்டாரத்தில் வெல்லப்போவது யாரென்று அவருக்கும் தெரியும். எதிரே நின்றவர் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். ஊரில் பாதி வள்ளங்கள் அவருடையவை; சம்மாட்டியார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். என் கணவர் தொழிலுக்குப் போனதும் அவருடைய வள்ளத்தில்தான். தோற்கிற இடத்துக்கு ஒரு பெண் போதும் என்று கட்சி நினைத்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. விடியப்புறம் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீன் கழற்றுவது நாங்கள், பெண்கள். வெயில் ஏறும்வரை துறையடியில் நிற்போம். அங்கே எங்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. ஆண்கள் எங்கும் போவார்கள். நாங்கள் தாழம்பற்றைக்குள், ஒருத்தி காவல் நிற்க, மற்றவள் போவாள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வோம். சங்கத்தில் கேட்டால் சிரிப்பார்கள்.

முதல் கூட்டத்தில் என்னை வணக்கம் சொல்லிவிட்டு இருக்கச் சொன்னார்கள். நான் மைக்கை விடவில்லை.

"துறையடியிலை பொம்பிளையளுக்கு ஒரு கக்கூஸ் வேணும். நான் வெண்டால் முதல் வேலை அதுதான்" என்றேன்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மேடையில் இருந்த கட்சிக்காரர் என் கையிலிருந்து மைக்கைப் பறித்து, "தங்கச்சி பழக்கமில்லாமல் கதைச்சுப்போட்டா" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் என்னை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை எங்கள் வாசல் படலையில் ஓட்டை வாளி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்குப் போனால் பின்னாலிருந்து 'கக்கூஸ் அக்கா' என்று குரல் வரும். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் தூண் மாதிரி நிற்பார்கள். நான் தனியாக வீடு வீடாக நோட்டீஸ் கொண்டு போனேன். பற்றைக்குள் எனக்குக் காவல் நின்ற ஒருத்தியே, என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து, "என்ரை மனுசன் ஏசுவார், போ" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கிழமையே சம்மாட்டியார் என் கணவரை வள்ளத்தில் ஏற்றவில்லை. கரையில் எல்லோரும் பார்க்க, "உன்ரை மனுசி கட்டுற கக்கூஸுக்குக் காவல் இரு, போ" என்றாராம்.

கணவர் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"உனக்கு வேறை கதை கிடைக்கேல்லையோ? ஊரெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது."

"பற்றைக்குள்ளை நான் இருக்கேக்கை சிரிக்காதவை இப்ப ஏன் சிரிக்கினம்?"

அவர் எழும்பி வெளியே போனார். தேர்தல் முடியும்வரை நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.

தோற்றேன். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் அல்ல, நன்றாகவே தோற்றேன். அன்று பின்னேரம் சம்மாட்டியாரின் ஆட்கள் என் படலையடியில் சீனவெடி கொளுத்தி ஆடினார்கள். தும்புத்தடியோடு வெளியே போனேன். அவர்கள் ஆடி முடியும்வரை நின்று, வெடித்தாளை அவர்கள் காலடியிலிருந்தே கூட்டி அள்ளினேன். ஒருவரும் விலகவில்லை, நானும் விலகவில்லை.

சில மாதங்கள் கழித்து, துறையடியில் கக்கூஸ் எழும்பியது. சம்மாட்டியார் தன்னுடைய யோசனை என்று சொல்லி, சபையைக்கொண்டு கட்டுவித்தார். கட்டிய இடம், கரையில் நான் கருவாடு காயப்போடும் பந்தலின் வேலியோரம். அவ்வளவு பெரிய கரையில் அவருக்கு வேறு நிலம் கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் வந்தன. விழா முடிந்ததும் கதவில் பூட்டுப் போட்டு, திறப்புச் சாவியைத் தன் மடியில் செருகிக்கொண்டார். பெண்கள் போவதென்றால் சங்கக் கட்டடத்துக்குப் போய், சீட்டாடும் ஆண்களுக்கு நடுவில் அவரிடம் திறப்புக் கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. திரும்பவும் பற்றைக்குள்தான் போனோம்.

ஒரு நாள் காலை, மீன் விலை கூறும் நேரம், கரை நிறையச் சனம். நான் வீட்டுக்குப் போய் அலவாங்கை எடுத்து வந்து பூட்டுக்குள் கொடுத்து நெம்பினேன். பூட்டு மணலில் விழுந்தது.

சம்மாட்டியார் ஓடி வந்தார். "உது பொதுச் சொத்து! பொலிஸைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்கோ அண்ணை. ஏன் பூட்டினனீங்கள் எண்டு அவையளுக்கும் சொல்லுங்கோ."

அவர் என் கணவரைத் தேடிப் பார்த்தார். கணவர் சற்றுத் தள்ளி, வேறொருவருடைய கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஆனால் என்னைத் தடுக்கவும் வரவில்லை.

முதலில் உள்ளே போனவள், அன்று எனக்குக் கதவைச் சாத்தியவள். வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமலே தன் வலைக்குப் போனாள். பிறகு அடுத்தவள் போனாள்.

பொலிஸ் வரவில்லை. சம்மாட்டியார் புதுப் பூட்டுப் போட்டார், அதையும் உடைத்தேன். பிறகு போடவில்லை. கக்கூஸடிக் கருவாடு என்று சொல்லி, என் கருவாட்டை இன்றைக்கும் எங்கள் ஊர்க் கடைகளில் எடுப்பதில்லை. கொடிகாமம் சந்தைக்குத்தான் கொண்டு போகிறேன். கதவைச் சாத்தியவளோடு நான் கதைப்பதில்லை. அவளும் கதைப்பதில்லை. அடுத்த முறையும் நிற்பேன் என்று கணவரிடம் சொன்னேன். "நில்லன், ஆர் மறிச்சது" என்றார்.