கருவேலங்கட்டை

என் கார் டிக்கியில் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சரிந்து மெலிந்த ஆப்பு மாதிரியான கட்டை. கருவேல மரம். தூக்குவதற்கு வசதியாகத் தடித்த முனையில் துளைபோட்டு நைலான் கயிறு கோத்திருக்கிறது. சரிவான முகத்தில் டயரின் பல் ஆழமாகப் பதிந்த தழும்பு ஒன்று உண்டு. ஷார்ஜாவின் முவைலா பகுதியில் நான் குடியிருக்கும் தெருவில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. கார் கழுவ வருகிறவர் இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் போனார். இரண்டு முறையும் கைலியோடு கீழே ஓடிப்போய் வாங்கி வைத்தேன்.

அது டிரைவர் அண்ணனின் கட்டை. இராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். ஊரிலிருந்து வரும்போதே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஊறுகாயும் வேட்டியும் இருந்த பெட்டிக்குள் ஒரு விறகுத் துண்டு எதற்கு என்று விமான நிலையத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்களாம். "வண்டிக்காரன் கட்டை இல்லாம ரோட்டுல எறங்கக் கூடாது தம்பி. எந்த நாடா இருந்தா என்ன, சக்கரம் உருளத்தானே செய்யும்" என்பார்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் இருவரும் ஷார்ஜாவில் ஒரு சிறிய சுற்றுலாக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் டிரைவர், நான் சமையல். மலையேறும் வெள்ளைக்காரர்களை வடக்கே ராஸ் அல் கைமா மலைகளுக்குள் கொண்டுபோய், கூடாரம் அடித்து, சோறு போட்டு, திருப்பிக் கொண்டுவருவது கம்பெனியின் தொழில். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் அருவிகள் அப்படியே உறைந்து நிற்குமாம். இரும்புக் கொத்திகளை அடித்து அந்தப் பனியில் ஏறுவார்களாம். அந்த அருவிகளுக்குப் போகிற வழியும் எங்கள் மலைவழி மாதிரியே கல்லும் குழியுமாகத்தான் இருக்குமாம். எங்கள் மலையில் பனிக்கட்டி என்று இருந்தது என் ஐஸ் பெட்டிக்குள் மட்டும்தான். ஆகவே வெறும் பாறையில் ஏறினார்கள்.

பாறையில் தொங்கியது அவர்கள்தான் என்றாலும் பயந்தது நான்தான். நான் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். சிறுவயதில் ஆட்களை ஏற்றிப்போன தோட்டத்து லொறி ஒன்று வளைவில் புரண்டு கீழே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மலைப்பாதை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இங்கே அது பாதைகூட இல்லை. வாடி என்று சொல்லும் காய்ந்த ஆற்றுப்படுகையில் ஒரு மணி நேரம் உருண்டைக் கற்கள் மேல் குதித்துப் போக வேண்டும். பிறகு மலையின் விலாவைச் சுரண்டிப் போட்ட ஒற்றைத் தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எங்கள் பழைய ஃபோர்வீல் வண்டி அதில்தான் ஏற வேண்டும். பயணம் கிளம்பும் வியாழக்கிழமை வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் பயணத்திலேயே அண்ணன் வேலையைப் பங்கு பிரித்துவிட்டார். "பள்ளத்த நீ பாரு. மலைய நான் பாக்குறேன்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. பள்ளம் எந்தப் பக்கம் வந்தாலும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பாது. "இடமிருக்கா?" என்று பாறையைப் பார்த்தபடியே கேட்பார். நான் தலையை வெளியே நீட்டி, கீழே புள்ளியாகத் தெரியும் ஆட்டுப்பட்டியைப் பார்த்து, "இருக்கு அண்ணே, ஒரு சாண் இருக்கு" என்பேன். அந்த ஒரு சாணை நம்பி அவர் ஓட்டுவார்.

மேலே கடைசியாக ஒரு வளைவு. அங்கே அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார். வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். ஆள் யாரும் இல்லாத வண்டியை அவர் தனியாக எடுப்பார். இறங்கும்போதுதான் அந்த வளைவு கொடுமை. வண்டியின் மூக்கு பள்ளத்தை நோக்கி வரும், ஸ்டியரிங்கை ஒரே ஒடியில் ஒடித்தால் திரும்பாது. விளிம்பில் நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடிக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து கிளச்சை விடுகிற அந்த நொடியில் வண்டி முன்னால் வழுக்கும். அந்தச் சரிவில் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. அதற்குத்தான் முன் சக்கரத்தடியில் கட்டை. அதைப் போடுவது என் வேலை. கயிற்றைப் பிடித்து, விளிம்பை ஒட்டிக் குந்தி, சக்கரம் நின்றதும் கட்டையைத் தள்ள வேண்டும். ஓரிரு தடவை எனக்குக் காய்ச்சல் என்று கூடாரத்திலேயே இருந்தபோது, தண்ணீர் எடுக்க இறங்கிய வண்டிக்கு, மலையேற அடிக்கடி வரும் தாடிக்காரர் ஒருவர் அதைச் செய்தார். என்னைவிட நன்றாகவே செய்தார் என்று அண்ணன் சொன்னார்.

அந்தத் தாடிக்காரரோடு வந்த இளைஞர் ஒருவர் மேல்தான் ஒரு மாசிப் பகலில் கல் பெயர்ந்து விழுந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் வாடியில் வெள்ளம் வரும், வழி அடைபடும். போனில் சிக்னல் இல்லை. காலைப் பலகையோடு கட்டி, அவரைப் பின்சீட்டில் கிடத்தி, மதியத்துக்குப் பின் கிளம்பினோம். அந்த மேல் வளைவில் அண்ணன் வழக்கம்போல வண்டியை நிறுத்தினார். நானும் தாடிக்காரரும் இறங்கினோம். இளைஞரைத் தூக்கி இறக்கிவிடலாம் என்று தாடிக்காரர் தோளைப் பிடித்தார். இளைஞர் போட்ட அலறல் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

அண்ணன் ஜன்னல் வழியே என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தம்பி, உள்ள ஒரு உசுரு கெடக்கு. எனக்குக் கை ஓடல. நீ ஏறி பக்கத்துல உக்காரு. கட்டைய அந்தாளு போடட்டும்."

நான் விளிம்பைப் பார்த்தேன். வண்டியைப் பார்த்தேன். முதல் துளி மழை கல்லில் விழுந்து பொட்டு வைத்தது.

"அவருக்குப் பழக்கமில்ல அண்ணே. நானே போடுறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி, போடு" என்றார்.

வண்டி மெல்ல முன்னால் வந்தது. விளிம்பில் நின்றது. நான் குந்தி, கட்டையைத் தள்ளினேன். பிரேக்கிலிருந்து கால் எடுபட்டதும் வண்டி வழுக்கியது. அதற்கு முன் எத்தனையோ தடவை வழுக்கியிருக்கிறது, ஆனால் நனைந்த கல்லில் இப்படி இல்லை. சக்கரம் கட்டைமேல் ஏறியது. கட்டை கரகரவென்று தேய்ந்து என் முழங்கால்வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் பாறையையும் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை நின்றது. இன்ஜின் அலறியது. வண்டி பின்னால் ஏறி, ஒடித்து, இறங்கிப் போனது. நான் மழையில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தாடிக்காரர்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கீழே போய்ப் பார்த்தபோது அண்ணனின் விரல்கள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. ஒவ்வொன்றாக நான் பிரித்துவிட்டேன். தண்ணீர் குடித்தார். "வா, ஏறு. வெள்ளம் வர்றதுக்குள்ள போயிருவோம்" என்றார். போய்விட்டோம். இளைஞருக்கு ஆஸ்பத்திரியில் காலைச் சரிசெய்தார்கள்.

அந்த வாரம் ரூமில் அண்ணன் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். கம்பெனிக்குக் கொடுத்த காகிதத்தில் அவருக்குப் பத்து வருட மலைப்பாதை அனுபவம் என்று இருந்தது. ஏஜென்ட் எழுதிக்கொடுத்தது. அவர் ஊரில் ஓட்டியது மினி பஸ். "எங்க ஊருல தரை பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். நான் ஏறுன ஒசரம் கடல் பாலம் ஒண்ணுதான். இங்க வந்து முதல் நாளு மலையப் பாத்தப்ப ஓடிப்போயிரலாம்னு இருந்துச்சு. கடன வாங்கிட்டு வந்தவன் எங்கிட்டு ஓடுறது?" என்றார். ஒவ்வொரு வியாழனும் சாப்பாடு இறங்காமல் இருந்தது நான் மட்டுமல்ல என்று அன்றுதான் தெரிந்தது. ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டியது தைரியத்தால் அல்ல. தன் பயத்துக்குள் இன்னொருவரை உட்கார வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆளிடம் கேட்டார்.

என் குற்றத்தை அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்குமுன் அவரே ரூமிலிருந்த எல்லோரிடமும் ஆரம்பித்துவிட்டார். "இவன் மட்டும் அந்தக் கட்டையோட நிக்கலேன்னா ரெண்டு உசுரு போயிருக்கும்ப்பா. புலி!" என்று என் முதுகில் தட்டினார். மீன்குழம்பில் பெரிய துண்டை என் தட்டில் போட்டார். நானும் தின்றேன். தாடிக்காரருக்குப் பழக்கம் உண்டு என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். கட்டையைப் போட ஆளில்லாமல் நான் வெளியே நிற்கவில்லை. வண்டிக்குள் உட்காரப் பயந்து நின்றேன். விளிம்பில் நின்றாலும் ஓடிவிட முடியும். சீட்டில் உட்கார்ந்தால் முடியாது. இந்தக் கணக்கை அந்தக் கணத்தில் என் மனம் போட்டது. அது பலித்துவிட்டதால் அது வீரம் ஆகிவிட்டது. அடுத்த வருடம் அவர் விசாவை ரத்து செய்துகொண்டு ஊர் போனார். போகும்போது கட்டையை என்னிடம் கொடுத்தார். சில வருடங்கள் போன் இருந்தது, பிறகு நம்பர் மாறிவிட்டது.

கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. நான் இப்போது ஒரு பள்ளியின் பேருந்துப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் மலையைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தத் தடத்தில் பாதிவரை தார் போட்டிருக்கிறார்கள். மீதியையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள், சாதாரணக் கார்கூடப் போகிறது. ஏறிவிட்டேன். இறங்கும்போது அந்த வளைவு வந்தது. வேலி கட்டியிருக்கிறார்கள், ஒரே ஒடியில் திரும்பும். ஆனாலும் என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டன. "நீ இறங்கி நடந்து வா. அப்பா எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

அவள் வேலியைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள்.

"பயமா இருக்கா அப்பா?"

"ஆமா."

"அப்போ நான் ஏன் இறங்கணும்? நான் இங்கயே உங்களோட உக்காந்திருக்கேன். டேக் யுவர் டைம்."

சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவள் முன்னால் பார்த்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அண்ணன் கேட்டதும் அவ்வளவுதான். கட்டை பின்னால் டிக்கியில் கிடந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.